ஏனாத்தூரிலிருந்து ஒரு நாடாளுமன்றத்துக்கு

எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்டுவிட்டே தலையசைக்கும் இந்த வாசகர் வட்டத்தின் தலைவர், பேராசிரியை ஜெயப்ரியா அவர்களே! மேடையின் வலப்பக்கம் அமர்ந்து, இவன் எங்கே தவறுவான், எப்போது திருத்தலாம் என்று காத்திருக்கும் என் நண்பர், ஓய்வுபெற்ற உருது ஆசிரியர் முனவர் பாஷா அவர்களே! சின்ன காஞ்சிபுரத்துத் தறிகளுக்கு இன்று ஒருநாள் ஓய்வு கொடுத்துவிட்டு வந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் நெசவுப் பெருமக்களே! திருப்பருத்திக்குன்றத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருக்கும் பெரியோர்களே! ஏனாத்தூர்ப் பல்கலைக்கழகத்தின் மாணவச் செல்வங்களே! சமையலை முடித்துவிட்டு வந்தவர்களும், சமையலை வீட்டு ஆண்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர்களுமாகிய என் தாய்மார்களே! இரண்டாவது வகைத் தாய்மார்களுக்கு இரட்டை வணக்கம்!

என் பெயர் சிவராஜ். படிப்பு பத்தாம் வகுப்பு. தொழில், மனு எழுதுவது. ஆட்சியர் அலுவலக வாசலில், முப்பத்தொரு ஆண்டுகளாக, ஒரு மடக்கு மேசை, ஒரு மடக்கு நாற்காலி. பட்டா மாற்றமா, முதியோர் உதவித்தொகையா, பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டானா, யாருக்கு எழுத வேண்டும், எந்தத் துறைக்கு நகல் போட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதை நான் பெருமையாகவே சொல்வேன். ஏனென்றால், இன்று நான் சொல்ல வந்திருப்பது அந்தப் பெருமை எப்படி உடைந்தது, உடைந்த இடத்தில் அதைவிடப் பெரிய பெருமை எப்படி முளைத்தது என்ற கதை.

இன்று குடியரசு நாள். உலகத்தின் குடியரசுகளைப் பற்றி ஆளுக்கொரு சொற்பொழிவு என்று தலைவர் திட்டமிட்டார். எனக்குக் கொடுத்த நாடு ஈரான். தலைப்பு, "ஓர் இஸ்லாமியக் குடியரசில் அரசு நடப்பது எப்படி?" அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள்: "சிவராஜுக்கும் ஈரானுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?" நியாயமான கேள்வி. நான் ஈரானைப் பார்த்ததில்லை. விமானத்தையே கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாட்டின் அரசுக்கு இந்தக் கை மனு எழுதியிருக்கிறது! அந்த நாட்டின் அரசு இந்தக் கைக்குப் பதிலும் போட்டிருக்கிறது!

கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள்! முதல் மனு தப்பான இடத்துக்குப் போன மனு. அதற்கா கைதட்டுகிறீர்கள்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். கூட்டம் நெரிகிறது. என் மேசைக்கு முன் ஒரு பெண் வந்து நிற்கிறார். ஏனாத்தூரில், பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கிருஷ்ணவேணி. மாணவர்களே, உங்களில் பாதிப்பேர் தேர்வுக்கு முதல்நாள் ஓடிப்போய் நிற்பது அந்தக் கடையில்தானே? சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் உண்மை.

"அண்ணே, ஒரு மனு எழுதணும்."

"யாருக்கும்மா?"

"ஈரான் நாட்டுப் பெரியவருக்கு."

என் பேனா நின்றது. "எந்தப் பெரியவரும்மா?"

"அது தெரியலண்ணே. நம்ம ஊர்ல கலெக்டர் இருக்கறா மாதிரி, அங்க யாரு பெரியவரோ அவருக்கு."

உட்கார வைத்துக் கேட்டேன். கணவர் பெயர் லோகேஸ்வரன். தொழிற்பயிற்சி முடித்து, சிறிய எண்ணெய்க் கப்பல் ஒன்றில் வேலைக்குப் போனவர். எந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. கப்பலில் அவரோடு சேர்த்து ஏழு பேர். பாரசீக வளைகுடாவில் ஈரான் நாட்டுக் காவல்படகு அந்தக் கப்பலை மறித்தது. உள்ளே இருந்த டீசலுக்குச் சரியான தாள்கள் இல்லை. கப்பலைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். வழக்குப் பதிவானது. கப்பலின் உரிமையாளர் என்ன செய்தார் தெரியுமா? தொலைபேசியை அணைத்துவிட்டு ஆளே காணாமல் போனார்! உரிமையாளர் வராமல் வழக்கு நகராது. வழக்கு நகராமல் கடவுச்சீட்டு வராது. கடவுச்சீட்டு வராமல் மாலுமிகள் கரையேற முடியாது. கப்பலுக்குக் காவல், காவலுக்குள் ஏழு பேர். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் வீட்டோடு பேசலாம். கிருஷ்ணவேணி என்னிடம் வந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

டீசல் யாருடையது? லோகேஸ்வரனுக்குத் தெரியாது. எங்கே ஏற்றினார்கள்? எந்திர அறைக்குள் இருந்தவருக்குத் தெரியாது. குற்றம் யாருடையது என்று கேட்டால் ஓடிப்போனவரைக் காட்டலாம். ஆனால் ஓடிப்போனவர் வெளியே இருக்கிறார், ஓடாதவர்கள் உள்ளே இருக்கிறார்கள்!

நான் மார்தட்டிச் சொன்னேன்: "கவலைப்படாதம்மா. குடியரசுன்னா குடியரசுத் தலைவர் இருப்பாரு. நேரா அவருக்கே போடுவோம்." போட்டேன். என் இருபத்தெட்டு ஆண்டு அனுபவத்தின் மொத்த அலங்காரத்தையும் அள்ளிக் கொட்டினேன். மேதகு, மாண்புமிகு, தாள் பணிந்து, தலை வணங்கி, கண்ணீர் மல்க என்று ஒன்றையும் விடவில்லை. அதை முனவர் பாஷா பாரசீக மொழியில் பெயர்த்தார். அவருடைய குடும்பத்தில் ஆற்காட்டு நவாபு காலத்திலிருந்தே பாரசீகம் படிக்கும் வழக்கம் உண்டு. "இவ்ளோ தாள் பணியறதுக்கு பாரசீகத்துல வார்த்தை பத்தாதுப்பா" என்று அன்றே சொன்னார். நான் கேட்கவில்லை.

நம் தூதரகத்துக்கும் ஒரு மனு போட்டோம். அவர்கள் உடனே பதில் கொடுத்தார்கள், ஒரு வழக்கறிஞரையும் ஏற்பாடு செய்தார்கள். அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் வழக்கு எழுந்து நடக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த நாட்டுக் குடியரசுத் தலைவர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் பதில் வந்தது. நாலே வரி. முனவர் பாஷா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "உங்கள் கடிதம் கிடைத்தது. இது நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம். நீதித்துறை தனி அதிகாரம். அதில் தலையிட இந்த அலுவலகத்துக்கு வழியில்லை."

என் மேசைக்கு முன்னால் அந்தப் பெண் நிற்கிறார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இருபத்தெட்டு ஆண்டில் முதல் தடவையாக ஒரு மனுவைத் தப்பான கதவில் தட்டிவிட்டேன். இரண்டு மாதம்! உள்ளே இருப்பவருக்கு அது அறுபது நாள்!

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணே, தலைவர் கிட்டயே அதிகாரம் இல்லன்னா, அப்ப அந்த நாட்ல யாருகிட்டதாண்ணே அதிகாரம்?"

பெரியோர்களே! இந்தத் தலைப்பில் அதைவிட நல்ல கேள்வி உண்டா? பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு அரசியல் படிப்பவர்கள் கேட்கும் கேள்வியை, கணவனைப் பறிகொடுக்க மறுத்த ஒரு பெண் ஒரு நொடியில் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பாஷாவுக்கும் தெரியவில்லை. "தெரியலம்மா" என்றோம் இருவரும்.

தெரியவில்லை என்றால் விட்டுவிடும் பெண்ணா அவர்? கடைக்குப் போனார். அந்த நாட்டின் அரசமைப்புச் சட்டத்தின் ஆங்கில வடிவத்தை இணையத்தில் தேடி எடுத்தார். அச்சிட்டார். நூற்று எழுபத்தேழு பிரிவுகள்! அடுத்தவர் படிப்பதற்காக லட்சக்கணக்கான பக்கங்களை நகலெடுத்த அந்தக் கை, முதன்முறையாகத் தனக்காக ஒரு புத்தகத்தை நகலெடுத்தது! பிளஸ் டூ வரை படித்த ஆங்கிலம். தெரியாத சொல்லுக்குக் கைப்பேசி அகராதி. வாடிக்கையாளர் வந்தால் எழுந்திருப்பார், போனால் உட்காருவார். ஒரு வரியை நாலு தடவை படிப்பார். பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் எங்கள் இருவரையும் கடைக்கு வரச் சொன்னார். கறை பட்டு வீணான பெரிய தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் வரைந்து வைத்திருந்தார். நாங்கள் நின்றோம், அவர் சொன்னார். அவர் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இந்தச் சொற்பொழிவில் அறிவு ஏதேனும் இருந்தால் அது கிருஷ்ணவேணியுடையது, அலங்காரம் மட்டும் என்னுடையது.

"மொதல்ல மக்கள் போடற ஓட்டு எங்கெங்க போவுதுன்னு கோடு போட்டுக்கினேன்ணே. மூணு கோடு போவுது."

முதல் கோடு குடியரசுத் தலைவருக்கு. நாலு ஆண்டுக்கு ஒரு தேர்தல். மந்திரிகள், நிர்வாகம், வரவு செலவுத் திட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டாவது கோடு நாடாளுமன்றத்துக்கு. அதை மஜ்லிஸ் என்கிறார்கள். இருநூற்றுத் தொண்ணூறு உறுப்பினர்கள். சட்டம் செய்வார்கள், மந்திரியை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். ஆர்மீனியக் கிறித்தவர், அசிரியக் கிறித்தவர், யூதர், நம் பார்சிகளைப் போன்ற ஜரதுஷ்டிரர் என்று சிறுபான்மையினருக்கு ஐந்து இடம் ஒதுக்கீடு உண்டு. மூன்றாவது கோடு, மார்க்க அறிஞர்களின் அவைக்கு. எண்பத்தெட்டு பேர். எட்டு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அவைக்கு ஒரு முக்கியமான வேலை. நாட்டின் உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது.

முன்வரிசையில் யாரோ கேட்கிறார்கள். என்ன கேட்டீர்கள் பழனி அண்ணே? "ஓட்டுப் போட்டா விரல்ல மை வெப்பாங்களா?" வைப்பார்களாம் அண்ணே! நமக்கு நகத்தில் கோடு, அவர்களுக்கு விரல் நுனியையே முக்கி எடுக்க வேண்டும். மை எங்கும் மைதான்!

இப்போது அந்த உச்சத் தலைவரைப் பார்ப்போம். அவர் மார்க்க அறிஞர். படைகள் அவர் கையில். வானொலி தொலைக்காட்சிக்குத் தலைவரை நியமிப்பது அவர். கவனியுங்கள், நீதித்துறையின் தலைவரை நியமிப்பதும் அவர்! நான் குடியரசுத் தலைவரின் கதவைத் தட்டி நின்றேனே, நீதிமன்றத்துக்குப் போகும் கோடு அந்த வீட்டு வழியாகப் போகவே இல்லை!

"அண்ணே, இந்த மூணு கோட்டுக்கும் நடுவுல ஒரு வாசப்படி இருக்குது பாருங்க" என்று பென்சிலை வைத்தார் கிருஷ்ணவேணி. பன்னிரண்டு பேர் கொண்ட காப்பாளர் அவை. ஆறு பேர் மார்க்க அறிஞர்கள், உச்சத் தலைவர் நியமிப்பவர்கள். ஆறு பேர் சட்ட அறிஞர்கள், நீதித்துறைத் தலைவர் பெயர் கொடுக்க, நாடாளுமன்றம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள். நாடாளுமன்றம் செய்யும் ஒவ்வொரு சட்டமும் மார்க்கத்துக்கும் அரசமைப்புக்கும் பொருந்துகிறதா என்று இவர்கள் பார்க்க வேண்டும். பொருந்தாது என்றால் திருப்பி அனுப்புவார்கள். நாடாளுமன்றத்துக்கும் இவர்களுக்கும் இழுபறி என்றால் தீர்த்து வைக்க இன்னொரு மன்றம் உண்டு. இன்னொன்றும் உண்டு. தேர்தலில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று வேட்பாளர்களைச் சலிப்பதும் இந்தப் பன்னிரண்டு பேர்தான்.

"அப்போ ஓட்டு போடறது மக்கள், யாருக்குப் போடலாம்னு சொல்றது இவங்களா?" என்று நான் கேட்டேன்.

"ஆமாண்ணே. இஸ்லாமியன்னும் போட்டுக்கினு குடியரசுன்னும் போட்டுக்கினு இருக்காங்க இல்ல? ரெண்டும் ஒண்ணா நிக்கணும்னா நடுவுல ஆள் வேணும்னு வெச்சிருக்காங்க."

பழனி அண்ணன் தலையாட்டுகிறார். அவருக்குப் புரிந்துவிட்டது. பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் கோர்வையில் சேர்க்க ஓர் ஆள் கூட உட்கார வேண்டும் என்பது நம் ஊருக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயமா!

நம் வட்டத்தின் தலைவர் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இந்த முறை நல்லதா, கெட்டதா? அந்த நாட்டு மக்களிலேயே இதைக் கண்ணாகக் காப்பவர்கள் உண்டு, எதிர்த்துத் தெருவில் இறங்கிச் சிறை போனவர்களும் உண்டு. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமை அவர்களுக்குத்தான். இன்னொன்று, இஸ்லாமியக் குடியரசு என்று பெயர் வைத்த நாடுகள் வேறும் உண்டு. பாகிஸ்தான் உண்டு, மௌரித்தானியா உண்டு. பெயர் ஒன்று, அமைப்பு வேறு வேறு. ஒன்றைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் படித்ததாக நினைத்துவிடக் கூடாது.

கதைக்கு வருகிறேன். கதவு எது என்று தெரிந்துவிட்டது அல்லவா? எனக்கு உற்சாகம் பொங்கியது. நூற்றுப் பத்தாம் பிரிவில், நீதித்துறைத் தலைவர் பரிந்துரைத்தால் உச்சத் தலைவர் மன்னிப்பு வழங்கலாம் என்று இருக்கிறது. "அவ்ளோதாம்மா! கருணை மனு போட்டுடுவோம்!" என்று பேனாவைத் திறந்தேன். "அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருளி" என்று முதல் வரியை எழுதியும்விட்டேன்.

கிருஷ்ணவேணி தாளின் மேல் கையை வைத்தார்.

"இன்னா பிழைண்ணே?"

"ஒரு பேச்சுக்கும்மா. மனுன்னா அப்படித்தான் எழுதுவாங்க."

"தண்டனையே குடுக்கல, அதுக்குள்ள மன்னிப்பா? அவரு எஞ்சினுக்கு எண்ணெ போட்டாரு. அதுக்கு யாருகிட்டண்ணே மன்னிப்பு கேக்கணும்? கேட்டா ஒத்துக்கினா மாதிரி ஆய்டாதா?"

அன்று மாலை அவருடைய மாமியார் கங்கையம்மாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார். வயல்வேலை செய்து மகனைப் படிக்க வைத்த தாய். அழுதார். "தப்போ ரைட்டோ, நீ எழுதிக் குடுப்பா. என் புள்ள மொகத்த பாத்தா போதும் எனக்கு. மானம் பாக்கற நேரமா இது?" தாய்மார்களே, அந்தத் தாய் கேட்டது தவறா? நான் எப்படிச் சொல்வேன் தவறு என்று?

அந்த வாரத் தொலைபேசி வந்தது. கிருஷ்ணவேணி கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். ஏழு மாதம் கடந்திருந்தது. லோகேஸ்வரன் களைத்துப் போயிருந்தார். "எதுனா எழுதும்மா. மன்னிப்புன்னே எழுது. இங்க இருக்க முடியல. வந்துட்டா போதும்."

தொடர்பு அறுந்தது. கடையில் கருவி ஓடிக்கொண்டே இருக்கிறது, தாள்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன, அவர் அப்படியே நிற்கிறார். ஒரு மாணவி வந்து கருவியை நிறுத்தினாள் என்று பிறகு சொன்னார்கள். மாமியார் கேட்கிறார், கணவரே கேட்கிறார், மனு எழுதுகிறவனும் சரி என்கிறான். தனியாக நிற்பது என்றால் அதுதான்! மறுநாள் என்னிடம் வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, எனக்கு ஒரு வாரம் குடுங்க. அதுக்குள்ள வேற வழி கெடைக்கலன்னா நீங்க எழுதினதுலயே கையெழுத்துப் போட்டுடறேன்."

அந்த ஒரு வாரத்தில் அவர் மீண்டும் முதல் பிரிவிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை அதிகாரம் யாருக்கு என்று தேடவில்லை. தன்னைப் போன்ற ஒருவருக்கு அந்தப் புத்தகத்தில் எங்காவது இடம் இருக்கிறதா என்று தேடினார். ஐந்தாம் நாள் காலை, ஆட்சியர் அலுவலக வாசலில் நான் நாற்காலியை விரித்துக்கொண்டிருக்கும்போதே, மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் ஒரு தாள். மஞ்சள் பேனாவால் கோடிட்ட ஒரு பிரிவு.

தொண்ணூறாவது பிரிவு! நாடாளுமன்றத்தைப் பற்றியோ, நிர்வாகத்தைப் பற்றியோ, நீதித்துறையைப் பற்றியோ குறை உள்ளவர் எழுத்து மூலமாக நாடாளுமன்றத்துக்குப் புகார் அனுப்பலாம். நாடாளுமன்றம் அதை விசாரித்தே ஆக வேண்டும். பதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்கென்றே நாடாளுமன்றத்தில் ஒரு குழு இருக்கிறது!

"அண்ணே, இங்கிலீஷ்ல 'ஹூஎவர்'னு போட்டிருக்குது. அப்டின்னா அந்த நாட்டுக்காரங்க மட்டுமா, நானும் எழுதலாமா?"

இருவரும் பாஷாவிடம் ஓடினோம். அவர் பாரசீக மூலத்தை எடுத்தார். ஒரு முறை படித்தார். மறுமுறை வாய்விட்டுப் படித்தார். "ஹர் கஸ்." கண்ணாடியைக் கழற்றினார். "ஹர் கஸ்னா எவரானாலும்மா. குடிமகன்னு போடல. இந்த ஊரு, அந்த ஊருன்னு போடல. ஏனாத்தூருன்னாலும் ஹர் கஸ்தான்!"

எவரானாலும்! எண்ணிப் பாருங்கள் பெரியோர்களே! ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, வேறு மொழியில், வேறு மார்க்கத்தில், வேறு மக்கள் தங்களுக்காக எழுதி வைத்த ஒரு சட்டம். அதற்குள் ஒரே ஒரு சொல் அளவுக்கு ஒரு வழி. படித்த பண்டிதர்கள் தாண்டிப் போன அந்தச் சொல்லின் முன்னால் நின்று, நானும் உள்ளே வரலாமா என்று கேட்டாரே ஒரு ஜெராக்ஸ் கடைக்காரப் பெண், அவர் நம் ஊர்ப் பெண்! அதற்குத் தட்டுங்கள் கையை! இப்போது தட்டுங்கள்!

புகாரை எழுத உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல "தாள் பணிந்து" என்று தொடங்கினேன். "கால்ல வுழறதெல்லாம் வாணாம்ண்ணே" என்றார். அடித்தேன். "கண்ணீர் மல்க" என்றேன். "அதுவும் வாணாம். நடந்தத நடந்தா மாதிரி எழுதுங்க" என்றார். ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. விடுதலை கொடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. உரிமையாளர் வராததால் வழக்கு நிற்கிறது. உரிமையாளரின் வழக்கையும் வேலையாட்களின் வழக்கையும் பிரித்து, வேலையாட்களை விசாரியுங்கள், விசாரித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். அவ்வளவுதான். நான் எழுதிய ஆயிரமாயிரம் மனுக்களில் அத்தனை நிமிர்ந்த மனு இன்னொன்று இல்லை.

கணவரின் பெயரை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். "இருங்கண்ணே, இன்னும் ஆறு பேரு இருக்குது" என்றார். தூத்துக்குடிக்காரர் ஒருவர், ஒடிசாக்காரர் இருவர், வங்காளிகள் இருவர், மியான்மர் நாட்டவர் ஒருவர். ஏழு பெயரும் ஏறின. பதிவுத் தபாலில் ஒன்று, தூதரகம் வழியாக ஒன்று. மாமியாருக்கு அவரே போய்ச் சொன்னார். கங்கையம்மாள் மூன்று நாள் மருமகளோடு பேசவில்லை. நாலாம் நாள் கடைக்குச் சாப்பாடு எடுத்து வந்து வைத்துவிட்டுப் போனார்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. புகாருக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள். நீதித்துறையிடம் விளக்கம் கேட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் அந்தத் துறைமுக நகரத்து நீதிமன்றம், மாலுமிகளின் வழக்கைத் தனியாகப் பிரித்தது. நான் மிகைப்படுத்த மாட்டேன். தூதரகத்தின் வழக்கறிஞரும் அதற்காக ஓயாமல் போராடியிருந்தார். எந்தத் தள்ளலில் கதவு திறந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நீதிமன்றத்தில் நடந்ததை லோகேஸ்வரனே என்னிடம் சொன்னார்.

ஒரே காலை. ஒரே அமர்வு. நீதிபதி கோப்பைப் புரட்டினார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். அவர் மாலுமிகள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "உங்களில் யாருடைய வீட்டிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் புகார் போயிருக்கிறது?"

லோகேஸ்வரன், புகார் எழுதியதற்குத் தனியாகத் தண்டனையோ என்று பயந்தாராம். ஆனாலும் கையைத் தூக்கினார். "எங்க வூட்லதாங்க. என் வொய்ஃப் எழுதினாங்க."

நீதிபதி அந்தத் தாளை உயர்த்திப் பிடித்தார். "உன் மனைவி வழக்கறிஞரா?"

"இல்லைங்க. ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் நீதிபதி அந்தத் தாளைக் கோப்பின் மேலேயே வைத்துக்கொண்டாராம். பிறகு ஒவ்வொருவராக எழுப்பி, என்ன வேலை, எங்கே நின்றாய், டீசலை ஏற்றியபோது உன்னிடம் யார் என்ன சொன்னார்கள் என்று முறையாகக் கேட்டார். ஏழு பேருக்கும் டீசல் பேரத்தில் பங்கில்லை என்று தீர்ப்பு. பதினோரு நாளில் கடவுச்சீட்டுகள் கைக்கு வந்தன. மன்னிப்பு என்ற சொல் அந்தக் கோப்பில் எந்த மூலையிலும் இல்லை! குற்றமற்றவர்கள் என்ற சொல்லோடு அவரவர் ஊரில் போய் இறங்கினார்கள், ஏழு பேரும்!

கங்கையம்மாள் விமான நிலையத்தில் மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி மருமகளைக் காட்டிச் சொன்னார். "எம் புள்ளய நான் பெத்தேன். இவ மீட்டுக்கினு வந்தா. அதுவும் தல குனியாம மீட்டுக்கினு வந்தா."

பெரியோர்களே, தாய்மார்களே! அரசு என்றால் என்ன? மாளிகையா? மகுடமா? மேடையா? கொடி கட்டிய காரா? எந்த நாட்டு அரசும் முதலில் ஒரு தாள்! யார் ஆள வேண்டும், எப்படி ஆள வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று எழுதிய தாள். அந்தத் தாளை ஆள்பவர் மட்டும் படித்தால் அது ஆணை. ஆளப்படுபவரும் படித்தால் அது உரிமை! படிக்கத் தெரிந்தும் படிக்காமல் இருந்தவன் நான். பாதி ஆங்கிலத்தில் படித்தே தீர்வேன் என்று உட்கார்ந்தவர் அவர். என் முப்பத்தொரு ஆண்டு அனுபவம் அவருடைய பத்தொன்பது நாளுக்கு முன்னால் தலைவணங்குகிறது. வெட்கத்தோடு வணங்கவில்லை, பெருமையோடு வணங்குகிறது! பட்டுக்காக உலகம் அறிந்த ஊர் இது. கோயிலுக்காக உலகம் அறிந்த ஊர் இது. இன்னொரு நாட்டின் நாடாளுமன்றத்துக்கு அந்நாட்டுச் சட்டத்தையே எடுத்துக்காட்டி ஒன்றரைப் பக்கம் எழுதிய பெண்ணின் ஊரும் இதுதான்!

கிருஷ்ணவேணி எங்கே என்று பின்வரிசையில் தேடுகிறீர்கள். தேடாதீர்கள். அவருக்கு இந்த மேடையில் நாற்காலி போட்டிருந்தது. காலையில் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "மன்னிச்சுக்கோங்க மேடம், வர முடியல" என்றார் கிருஷ்ணவேணி. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் பேருந்து பிடித்து வந்திருக்கிறாராம். கணவர் மீன்பிடிக்கப் போன இடத்தில், வேறொரு நாட்டில், வேறொரு காவலில். கையில் ஒரு பை நிறையக் காகிதம். இருவரும் கடையில் உட்கார்ந்து, அந்த நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் லோகேஸ்வரன் அகராதி பார்த்துச் சொல்கிறார்.

எனக்கும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். "அண்ணே, கூட்டம் முடிஞ்சதும் நேரா கடைக்கு வந்துடுங்க. பேனா எடுத்துக்கினு வாங்க. கண்ணீர் மல்கல்லாம் வாணாம்."

ஆகவே விரைவில் விடைபெறுகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கும், தவறு பிடிக்கக் காத்திருந்து ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்த முனவர் பாஷாவுக்கும், பத்தாம் வகுப்புக்காரனை நம்பி ஒரு குடியரசை ஒப்படைத்த தலைவருக்கும் என் நன்றி. வெளியே யாராவது ஏனாத்தூர்ப் பக்கம் வண்டியில் போவதாக இருந்தால், பின்னால் எனக்கு ஓர் இடம் கொடுங்கள்.

அனைவருக்கும் குடியரசு நாள் வாழ்த்து! வணக்கம்!